ஒரு டம்ளர் ஆயில்

தை பௌர்ணமி அன்று மதியம் கிரிவலப் பாதையில் கிளம்பிய புகைக்கு முழுப் பொறுப்பும் இருசப்பனுடையதுதான். அதில் கிரகத்துக்கோ கண் திருஷ்டிக்கோ பங்கு கிடையாது. பங்கு கொடுக்க அவனும் முயற்சி பண்ணாமல் இல்லை, யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவனுடைய மெக்கானிக் ஷெட். பௌர்ணமி என்றால் அந்த ரோட்டுக்குப் போலீஸ் தடுப்பு வந்துவிடும். தடுப்பு வைத்த பிறகு உள்ளே இருக்கிற வண்டி உள்ளேதான். ஜனம் எல்லாம் மலையைச் சுற்றி முடித்து, மறுநாள் ரோட்டைக் கூட்டிப் பெருக்கிய பிறகுதான் வெளியே எடுக்கலாம். அன்றைக்கு உள்ளே இருந்தது பரசுராமனின் வேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து பதினாலு பெண்களைச் செருப்புக் கம்பெனிக்குக் கொண்டுபோய், சாயங்காலம் கூட்டி வருகிற வேன். மறுநாள் காலையில் அது போயாக வேண்டும். அதனால் மதியம் இரண்டு மணிக்குள் வேலையை முடித்துத் தருவதாக இருசப்பன் வாக்குக் கொடுத்திருந்தான். வாக்குக் கொடுப்பதில் அவன் பெரிய கெட்டிக்காரன். அதற்குத் தனியாகக் கூலி உண்டென்றால் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பான்.

வேலை பெரிய வேலை இல்லை. இன்ஜினில் எட்டு வால்வு. ஒவ்வொரு வால்வின் தண்டிலும் தொப்பி மாதிரி ஒரு ரப்பர் சீல். மேலே இருக்கிற ஆயில் தண்டு வழியாக இறங்கி, கீழே டீசலோடு சேர்ந்து எரியாமல் பார்த்துக்கொள்வது அதன் உத்தியோகம். சீல் கெட்டுப்போனால் ஆயில் சொட்டும், சொட்டினது எரியும், எரிந்தது சைலன்சர் வழியாக நீலப் புகையாக வரும். பரசுராமனின் வேன் மாதக்கணக்காக நீலமாக விட்டுக்கொண்டிருந்தது. தினம் ஒரு டம்ளர் ஆயில் குடித்தது. கம்பெனி சூப்பர்வைசர், "இன்னொரு வாட்டி கேட்டுக்குள்ள இப்பிடிப் புகைய விட்டா வேற வண்டி பாத்துக்குவோம்" என்று சொன்ன பிறகுதான் ஷெட்டுக்கு வந்தது.

புது சீலோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியும் வரும். வால்வுத் தண்டின் நுனியில் ஒரு பள்ளம் உண்டு, அதன் விளிம்பு பிளேடு மாதிரி. மூடியை நுனியில் மாட்டி, அதன் மேல் சீலை வழுக்கி இறக்க வேண்டும். இல்லையென்றால் விளிம்பு சீலின் உதட்டைக் கீறிவிடும். ஆறு வால்வுக்கு இருசப்பன் ஒழுங்காகத்தான் செய்தான். ஆறாவது முடிந்ததும் மூடி கைதவறி எங்கேயோ உருண்டுவிட்டது. குனிந்து தேடுகிற நேரத்தில் ரோட்டில் லாரியிலிருந்து இரும்புத் தடுப்புகளை இறக்குகிற சத்தம். மைக்கில் ஒரு குரல், "வண்டிங்கள உடனே அப்புறப்படுத்துங்க" என்றது.

சொந்தமாக ஷெட் போட்டே இருபத்திரண்டு வருஷம். இரண்டே இரண்டு சீலை மூடி இல்லாமல் மாட்டத் தெரியாதா? தெரிந்தது. மாட்டினான்.

வேன் ஷெட்டை விட்டு இருநூறு அடி போயிருக்கும். தடுப்பை நகர்த்துவதற்காகப் பரசுராமன் நிறுத்திவிட்டு, பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தான். அவ்வளவுதான். பின்னால் வந்துகொண்டிருந்த கிரிவலக் கூட்டத்தில் முதல் நாலு வரிசை காணாமல் போனது. "அண்ணாமலையாருக்கு" என்று கிளம்பிய கோஷம் "அரோ" வரைக்கும் வந்து இருமலாக முடிந்தது. ஒரு அம்மாள் சாம்பிராணி என்று நினைத்து இரண்டு கையாலும் புகையை வாரிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெண் போலீஸ் ஒருத்தி ஜன்னலைத் தட்டி, "யோவ், இது இன்னா வேனா, செங்கல் சூளையா?" என்று கேட்டாள்.

பரசுராமன் தலையை வெளியே நீட்டி, "இன்னாம்மா ஆச்சு?" என்று அவளையே திருப்பிக் கேட்டான்.

கேட்டவிதம் நல்ல நக்கலாக இருந்தது. கூட்டத்தில் சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஷெட் வாசலில் நின்ற இருசப்பனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு இரண்டு சீல் கண்முன்னே வந்தது.

ஒப்புக்கொள்வதில் அவன் தாமதம் பண்ணவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வேனை மறுபடி ஷெட்டுக்கு வரவழைத்து, நாலாவது சிலிண்டரைத் திறந்து, கிழிந்த இரண்டு சீலையும் பரசுராமனின் உள்ளங்கையில் வைத்தான்.

"தப்பு என்னுது. அவசரத்துல மாட்டினேன். செருப்பால அடி."

பரசுராமன் சீலைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தான். "ஆமா, கிழிஞ்சிருக்கு" என்றான். "செருப்பு வேணா கம்பெனிலேர்ந்து புதுசா ஒண்ணு வாங்கியாரவா? அடிக்கிறதுதான் அடிக்கிறோம், நல்ல செருப்பா இருக்கட்டும்."

இருவரும் அப்படித்தான். ஒரே வயது, ஐம்பத்திரண்டு. ஒரே லாரி ஆபீசில் ஒருவன் கிளீனராகவும் ஒருவன் பட்டறையிலும் சேர்ந்தவர்கள். முப்பது வருஷத்தில் நேராக ஒரு வாக்கியம் பேசிக்கொண்டதில்லை. பரசுராமனின் அப்பா செத்தபோதுகூட இருசப்பன் தோளில் கை வைத்து, "உன் கடன்காரங்க லிஸ்ட்ல ஒருத்தரு கம்மி" என்றுதான் சொன்னான். அதைக் கேட்டுத்தான் பரசுராமன் அழவே ஆரம்பித்தான்.

இந்த முறை இருசப்பன் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்தான். இரண்டு புது சீலும் பூப்போல இறங்கின. ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் முன்னால் வெள்ளைத் துண்டைப் பிடித்தான். பத்து நிமிஷம் ஓட்டம். துண்டில் லேசாக ஒரு ஈரம், அவ்வளவுதான். "சைலன்சருக்குள்ள பழைய ஆயில் தங்கியிருக்கும். ரெண்டு நாளைக்கு லேசா வரும், பயப்படாத" என்று சொல்லி அனுப்பினான். அது உண்மையும்கூட. உண்மையைச் சொன்ன திருப்தியில் அன்று இரண்டு டீ குடித்தான்.

ஆறாம் நாள் சூப்பர்வைசர் பரசுராமனைக் கூப்பிட்டுத் திட்டினார். பரசுராமன் இருசப்பனுக்குப் போன் பண்ணினான்.

"டேய், மறுபடி வருதாம்."

"வருதாம்னா? நீதான ஓட்டுற? புகை இன்னா கலர்?"

"புகை கலர்தான்."

"யோவ். நீலமா, வெள்ளையா, கருப்பா?"

"வந்து பாத்துக்கோ. நீதான் டாக்டரு. பேஷண்டைக் கேட்டா வைத்தியம் பண்ணுவ?"

"காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வருதா, ஓட ஓட வருதா?"

"எல்லா நேரமும் வருதுனு வச்சுக்கோயேன்."

"வச்சுக்கோயேனா?"

அதற்குள் அந்தப் பக்கம் பரசுராமன் மனைவி உண்ணாமலையின் குரல் கேட்டது, போன் வைக்கப்பட்டது.

 புகையைப் பொறுத்தவரை நிறம்தான் பாதி வைத்தியம். கருப்பு என்றால் டீசல் ஜாஸ்தி. வெள்ளை என்றால் டீசல் எரியவில்லை, இல்லை தண்ணீர் இறங்குகிறது. நீலம் என்றால் ஆயில். நீலமும் ஸ்டார்ட்டிங்கில் மட்டும் என்றால் சீல், ஓட ஓட என்றால் வேறு. இதெல்லாம் பரசுராமனுக்குத் தெரியாததல்ல. ஒரு காலத்தில் கிருஷ்ணகிரி ரோட்டில் முன்னால் போகிற லாரியின் புகையைப் பார்த்தே, "இவனுக்கு ஒரு இன்ஜெக்டர் போச்சு. அடுத்த டீக்கடைல நிப்பான் பாரு" என்று சொல்லுவான். நிற்பான். அப்படிப்பட்ட ஆள் சொந்த வண்டியின் புகைக்கு நிறம் சொல்ல மாட்டேன் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும் என்று இருசப்பன் முடிவு கட்டினான். ஆளுக்குக் கோபம். வாயால் சிரித்துக்கொண்டே மனசால் ஒதுக்கிவிட்டான். உன் வேலையின் லட்சணத்தை நீயே வந்து பார் என்கிறான்.

அதோடு விஷயம் வேன் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நாள் ஸ்பேர் வாங்கப் போனபோது சின்னசாமி என்கிற டிரைவர், "அண்ணே, எங்க தெருவுல கொசு ஜாஸ்தியா இருக்கு. ஒரு வாட்டி அந்த வேனை அனுப்பி வையேன்" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். இருசப்பனும் கூடவே சிரித்தான். தன்னைப் பற்றிய ஜோக்கில் தானே குரலை உயர்த்திச் சிரித்துவிட்டால் அது சீக்கிரம் முடியும் என்பது அவன் அனுபவம். முடியவில்லை. வழக்கமாக அவனிடம் வருகிற மூன்று வண்டிகள் அந்த மாதம் வேலூர் ரோட்டுப் பட்டறைக்குப் போயின. இரண்டு சீல். ஒரு பிளாஸ்டிக் மூடி. அதற்கு இருபத்திரண்டு வருஷம் போகிறதா என்று தூக்கம் வராமல் புரண்டான். வண்டிகள் போவதுகூடப் பரவாயில்லை. பரசுராமன் நிறம் சொல்ல மறுத்ததுதான் முள் மாதிரி உள்ளேயே நின்றது.

வேன் மறுபடி வந்தது. பானெட்டைத் திறந்து ஆயில் ஸ்டிக்கை உருவினான். மேல் கோட்டுக்கும் மேலே இரண்டு விரல்கடை ஆயில்.

அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆயில் அளவுக்கு மேலே போனால் உள்ளே சுற்றுகிற கிராங்க் அதைத் தயிர் மாதிரி கடைந்துவிடும். கடைந்தது ஆவியாக மேலே ஏறும், இன்ஜினே அதை உறிஞ்சி எரிக்கும். நீலப் புகை. சீல் மாற்றிவிட்டு ஆயில் ஊற்றியது யார்? இவன்தான். அளந்து ஊற்றத் தெரியாத கைக்கு ஸ்பேனர் ஒரு கேடு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, ஜாஸ்தியை வடித்து, ஸ்டிக்கில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிறுத்தி, ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்து, போனில் படமும் எடுத்து வைத்துக்கொண்டான். பரசுராமனிடம், "இதுவும் என் தப்புதான்" என்றான்.

"உனக்குன்னு ஒரு தப்பு மியூசியமே வைக்கலாம்" என்றான் பரசுராமன். சிரித்தான். ஆனால் இருசப்பனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவன் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துச் சிரித்தான். முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இருசப்பன் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு மறுபடி புகை. ஸ்டிக்கை உருவினால் மறுபடி இரண்டு விரல்கடை ஜாஸ்தி.

இப்போது இருசப்பனுக்குப் பயமே வந்துவிட்டது. போனில் படம் இருக்கிறது, நடுவில்தான் நிறுத்தியிருக்கிறான். இன்ஜினில் ஆயில் குறையுமே தவிர ஏறாது. கூடுகிறதென்றால் டீசல் எங்கேயோ ஒழுகி ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டுப் பார்த்தான். டீசல் கலந்திருந்தால் சொட்டைச் சுற்றி வெளுப்பாக ஒரு வளையம் படரும். படரவில்லை. முகர்ந்தான், வாசனை இல்லை. டீசல் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தான், நன்றாக இருந்தது. ஆயில் மூடியைத் திறந்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டான். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அந்த வாயில் குப்குப்பென்று ஆவி தள்ளும். தள்ளவில்லை. கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் புது இன்ஜின் மாதிரி நின்றது. எட்டு சீலையும் திறந்து பார்த்தான். எட்டும் உத்தமம். வண்டியில் ஒரு குறையும் இல்லை, புகை மட்டும் இருந்தது.

ஒன்றே ஒன்று கண்ணில் பட்டது. ஆயில் ஊற்றுகிற வாயைச் சுற்றி, வழிந்து காய்ந்த ஆயில். பரசுராமன் ஒரு சொட்டு சிந்தினால் பனியனைக் கழற்றித் துடைக்கிற ஆள். நான்தான் சிந்தியிருப்பேன் என்று நினைத்து இருசப்பன் துடைத்துவிட்டு, ஜாஸ்தி ஆயிலை மறுபடி வடித்தான். தப்பெல்லாம் தன்னுடையது என்று ஒருமுறை முடிவு கட்டிவிட்டால் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

"ஒரு தடவை விடியக்காலைல உன் ஊருக்கே வரேன்" என்றான். "ராத்திரியெல்லாம் நின்ன வண்டிய முதல்ல ஸ்டார்ட் பண்றத நான் நேர்ல பாக்கணும்."

"அதெல்லாம் எதுக்கு? அவ்ளோ தூரம்..."

"பதினாறு கிலோமீட்டர்யா. காசிக்கா வரேன்?"



எட்டு நாள் கழித்து, மாசி மாதத்துத் திங்கட்கிழமை. இருசப்பன் மொபெட்டில் போய் இறங்கும்போது வெயில் நெல் வயலுக்கு மேலே அப்போதுதான் எழுந்திருந்தது. வேன் வீட்டு வாசலில் சுண்ணாம்புச் சுவரை ஒட்டி நின்றது. பானெட் திறந்திருந்தது. பரசுராமன் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தான். மொபெட்டைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டதால் வந்தது அவனுக்குத் தெரியவில்லை.

அவன் ஸ்டிக்கை உருவினான். துணியால் துடைத்தான். உள்ளே விட்டு மறுபடி உருவினான். இதுவரை எல்லா டிரைவரும் செய்கிறதுதான். அடுத்து எல்லா டிரைவரும் ஸ்டிக்கைக் கண்ணுக்கு நேராகத் தூக்குவார்கள். பரசுராமன் தூக்கவில்லை. நுனியை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக மேல்நோக்கித் தடவினான். ஈரம் எதுவரைக்கும் என்று விரல் தேடியது. ஸ்டிக் முழுக்கவே ஆயில் வழிந்தால் விரலுக்கு எல்லை எங்கே கிடைக்கும்? கிடைக்கவில்லை. ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு பக்கத்திலிருந்த கேனிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் ஆயிலைச் சாய்த்தான். டம்ளருக்குள் ஒரு விரலை விட்டு, ஆயில் விரலைத் தொட்டதும் நிறுத்தினான். அந்த ஒரு டம்ளரை இன்ஜினில் ஊற்றினான். கொஞ்சம் வாயோரத்தில் வழிந்தது.

"பரசு."

பரசுராமன் திடுக்கிட்டுத் திரும்பினான். "யாரு... இருசா? டேய், பூனை மாதிரி வர?"

"இப்போ எதுக்கு ஊத்தின?"

"தினம் ஊத்துறதுதான். ஒரு டம்ளர் குடிக்குதே."

"குடிச்சுது. இப்போ குடிக்கல. சீல்தான் மாத்திட்டேனே."

"ஸ்டிக்கு பாத்துட்டுதான்டா ஊத்துறேன். கம்மியா காட்டுச்சு."

இருசப்பன் ஸ்டிக்கை உருவித் தூக்கிப் பிடித்தான். கோட்டுக்கு மேலே மூன்று விரல்கடை. நுனியிலிருந்து ஒரு சொட்டு அவன் கால் பெருவிரலில் விழுந்தது.

ஒரு கணம், உண்மையாகவே ஒரே ஒரு கணம், இருசப்பனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வந்தது. என் தப்பு இல்லை! சீல் நன்றாக இருக்கிறது, என் கை நன்றாக இருக்கிறது. சின்னசாமிக்கு இப்பவே போன் போட்டு, உன் தெருக் கொசுவை நீயே அடித்துக்கொள் என்று சொல்ல வாய் துடித்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்தச் சந்தோஷம் அடங்கியது. அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு விரல் ஸ்டிக்கைத் தடவிய விதம் நெஞ்சுக்குள் இறங்கியது.

பழைய சீல் ஒழுகியவரைக்கும் தினம் ஒரு டம்ளர் உள்ளே போனது, ஒரு டம்ளர் எரிந்து வெளியே போனது. கணக்குச் சரியாக இருந்தது. ஸ்டிக்கைப் பார்க்க வேண்டிய தேவையே பரசுராமனுக்கு வரவில்லை. வண்டியின் வியாதி இவனுடைய வியாதியை மூடி வைத்திருந்தது. வண்டியைச் சொஸ்தப்படுத்துகிறேன் என்று வந்து மூடியைப் பிடுங்கியவன் இருசப்பன்தான். எட்டு சீலும் ஒழுங்காக உட்கார்ந்ததால்தான் புகை வந்தது.

இருசப்பன் உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் இரண்டு நிமிஷம் சும்மா ஓடியது, பிறகு சுண்ணாம்புச் சுவரின் மேல் நீலமாகப் படர ஆரம்பித்தது. சங்குப்பூவை அரைத்துப் பூசின மாதிரி அவ்வளவு தெளிவான நீலம்.

"சொல்லு. இன்னா கலர்?"

"விடிஞ்சதும் விடியாததுமா பரீட்சையா?"

"கலரைச் சொல்லு."

"வெள்ளைதான்" என்றான் பரசுராமன். சுவரைப் பார்த்துச் சொன்னான்.

இருசப்பன் இன்ஜினை அணைத்துச் சாவியை உருவிப் பைக்குள் போட்டான்.  பிறகு வழக்கமான வழியையே பிடித்தான். "சரி, உன் வண்டி நம்பர் பிளேட்டைப் படி பாக்கலாம்."

பரசுராமன் நின்ற இடத்திலிருந்து கடகடவென்று சொன்னான், கடைசி நாலு எண்ணையும் சேர்த்து. "என் வண்டி நம்பர் எனக்குத் தெரியாதா? அடுத்து இன்னா, ஒன்னாம் வாய்ப்பாடா?"

வீட்டுக்குள்ளிருந்து உண்ணாமலை வெளியே வந்தாள். தலை சீவி, பூ வைத்து, தோளில் பை மாட்டி, கிளம்பின கோலம். இருசப்பனைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"வாங்கண்ணா. காபி..."

"நீ எங்கம்மா கிளம்பிட்ட?"

"கூடத்தான் போறேன். வண்டில." அவள் பையின் வாரை இழுத்துச் சரி செய்தாள். "வீட்ல சும்மாதான இருக்கேன். முன்னாடி சீட்டு காலியா இருக்குது. போயிட்டு அதே வண்டில வந்துடுவேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"முன்னாடி சீட்ல உக்காந்து இன்னாமா பண்ணுவ?"

உண்ணாமலை புருஷனைப் பார்த்தாள். அவன் பானெட்டை மூடுவதில் மும்முரமாக இருந்தான். கொக்கி மாட்டவில்லை, மறுபடி தூக்கி மூடினான்.

"பேசிகினு வருவேன்" என்றாள். "ரோட்ல மாடு வரும், பள்ளம் வரும். சொல்லிகினு வருவேன். அவ்ளோதான்."

அவள் கையிலிருந்த போன் அடித்தது. அந்தப் பக்கத்துக் குரல் வெளியே கேட்கிற அளவுக்குச் சத்தம். முதல் ஸ்டாப்பில் நிற்கிற மணிமொழி. "அக்கா, கிளம்பிட்டீங்களா? இன்னைக்கும் லேட்டானா அரை நாள் கட் பண்ணுவாங்கக்கா. நாங்க எல்லாரும் வந்துட்டோம்."

"தோ வரோம்மா" என்றாள் உண்ணாமலை. வைத்துவிட்டு இருசப்பனின் சட்டைப் பையைப் பார்த்தாள். "சாவியக் குடுங்கண்ணா. பொண்ணுங்க நிக்குது."

"யாராவது வேற டிரைவருக்குச் சொல்லு. நான் ஓட்டறேன் இன்னைக்கு. இல்ல, நான் ஆள் அனுப்பறேன்."

"இன்னாடா, என் வண்டில வந்து நாட்டாமை பண்ற?" பரசுராமன் குரலில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. "இன்ஜின்ல கோளாறு இருந்தா சொல்லு. இல்லன்னா சாவியக் குடு."

"இன்ஜின்ல ஒண்ணுமில்ல."

"அப்போ?"

இருசப்பன் வேனின் படியில் உட்கார்ந்தான்.  வாயில் ஒரு ஜோக் வந்தது. அதை அவன் துப்பாமல் முழுங்கினான். எவ்வளவு ஜோக் அடித்திருக்கிறோம் என்று நினைத்தான். இவன் நிறம் கேட்டான், அவன் நக்கலடித்தான், இவனும் பதிலுக்கு நக்கலடித்தான். இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சிரிப்பை எறிந்துகொண்டே இருந்தார்கள். சிரிக்கிற நேரத்தில் ஒருவன் கேட்டிருக்கலாம், ஒருவன் சொல்லியிருக்கலாம்.

"பரசு" என்றான். "ஒரு மாசமா நான் செத்துகினு இருக்கேன். உன் வண்டியக் கெடுத்துட்டேன், நீ என் மேல நம்பிக்கையே வுட்டுட்டனு. கலர் சொல்ல மாட்டேங்கிறானே, மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறானேனு. இப்போ இன்னா தோணுது தெரியுமா? சீலு கிழிஞ்சிருக்கக் கூடாதா, என் தப்பாவே இருந்திருக்கக் கூடாதானு இருக்குது. சாமி சத்தியமா."

பரசுராமன் எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் துணியால் துடைத்தான்.

"நீ எப்பிடி ஓட்டறனு எனக்குத் தெரியல. மனப்பாடமா ஓட்டறியோ, தங்கச்சி கண்ணுல ஓட்டறியோ. பின்னாடி பதினாலு பேரு உக்காந்திருக்காங்க. அந்த மணிமொழிப் பொண்ணு குரலு இப்போதான் கேட்டேன். நேத்து வரைக்கும் எனக்கு அவ யாருனே தெரியாது. இனிமே தெரியாத மாதிரி இருக்க முடியாது."

உண்ணாமலை வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இவளைத் திட்டாத" என்றான் பரசுராமன். "நான்தான் வரச் சொன்னேன். பொண்ணுக்குக் கடைசி வருஷம் காலேஜு. சித்திரை வரைக்கும் ஓட்டிட்டா போதும்னு பாத்தேன்."

"நான் யாரையும் திட்டல. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. நக்கல் வாணாம்." இருசப்பன் எழுந்து அவனுக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில் போய் நின்றான். "என்னைப் பாரு. இன்னா தெரியுது?"

பரசுராமன் அவனைப் பார்த்தான். காதுக்குப் பக்கத்தில் பார்த்தான், பிறகு தோளைப் பார்த்தான், பிறகு முயற்சி பண்ணி நேராகப் பார்த்தான். கண் இரண்டும் சுத்தமாக, எப்போதும் போல, நல்ல கருப்பாகத்தான் இருந்தன.

"சட்டை தெரியுது" என்றான். "கை தெரியுது. பின்னாடி செவுரு தெரியுது. உன் மூஞ்சி இல்ல, இருசு. நேரா எதைப் பாத்தாலும் அது இருக்கிற இடம் அழிஞ்சு போய்டுது. கண்ணாஸ்பத்திரில சர்க்கரைனு சொன்னாங்க, லேட்டா வந்துட்டனு சொன்னாங்க, ஸ்டீரிங்கைத் தொடாதனு சொன்னாங்க. ஆடி மாசமே சொல்லிட்டாங்க."